ஒரே பாயில் ஏழு கடல்

2019 நவம்பர் 26 வரை ரிஷிவந்தியத்துக்குக் கடல் இருந்தது. காகிதத்தில்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்ட அந்த நாள்வரை ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரத்துக்கு மரக்காணம் கடற்கரை உண்டு. அதற்கும் முன்னால், 1993 வரை, தென்னார்க்காடு மாவட்டம். அதன் தலைநகரே கடலூர். புது மாவட்டத்தின் பங்குக்குக் கல்வராயன் மலை வந்தது, ஆறுகள் வந்தன, கரும்புக்கொல்லைகள் வந்தன. ஒரு முழம் கடற்கரை வரவில்லை.

ஊருக்கும் கடலூர்க் கரைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பெரிய தொலைவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுபது கிலோமீட்டரும் ஏழாயிரம் கிலோமீட்டரும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை கடலைக் கண்ணால் காணுமுன் காதால் கேட்கிறது. கேட்பதும் பெரும்பாலும் இரவில், விளக்கணைத்த பிறகு, பக்கத்தில் படுத்திருப்பவர் வாயிலிருந்து. கடல் இல்லாத ஊரில் தூங்கும்முன் சொல்லும் கடல்கதைகள் எவை, எந்த வயதுக்கு எந்தக் கடலைச் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

காதுக்கு முன்னால் நாக்கு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுக் குழந்தை கடலை முதலில் அறிவது சோற்றில் போட்ட உப்பாக. மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் பெரிய அளவில் விளைகின்றன. வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்கு வந்த உமணரைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அடுத்து வாரச்சந்தைக் கருவாடு: நெத்திலி, வாளை, காரப்பொடி, சென்னாக்குன்னி. மூன்றாவதாக வருவது மழைச்செய்தி. ஐப்பசி, கார்த்திகையில் தொலைக்காட்சியில் ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு’ என்ற சொற்கள் வந்ததும் பிள்ளைகள் நாளை பள்ளிக்கூடம் உண்டா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. கடலைப் பார்த்திராத பிள்ளைகளைத் தேடிக் கடலே வந்துவிட்டுப் போனது. ஆகவே உள்நாட்டுப் பிள்ளைக்குக் கடல் முற்றிலும் அந்நியம் என்று நினைத்துக்கொண்டு கதைசொல்ல உட்காரக் கூடாது.

இனி வயது. புத்தகக் கடைக்குப் போனால் சிறுவர் நூல்களின் பின்னட்டையில் ‘3 முதல் 6’, ‘7 முதல் 10’ என்று அச்சடித்திருக்கிறது. சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல வயது பார்த்து வாங்கலாம். ஆனால் ஒரு வீட்டின் இரவு அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. வெயில்காலத்தில் மொட்டை மாடியில் விரித்த ஒரே பாயில் பால்மறக்காத குழந்தையும், அதன் ஐந்து வயது அக்காவும், பெரியப்பா வீட்டுப் பதினொரு வயது அண்ணனும் வரிசையாகக் கிடக்கிறார்கள். கதை ஒன்றுதான். சொல்பவரும் ஒருவர்தான், அவரும் பகலெல்லாம் வேலைசெய்து களைத்தவர். வயதுக்கு ஒரு கதை என்பது கடையின் கணக்கு. பாயின் கணக்கு வேறு. வயதுவாரியாக எழுதும் எழுத்தாளர்கள் பாயையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வயதுப் பகுப்பை நாம் யாரிடமிருந்தும் கடன்வாங்கத் தேவையில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தையை மூன்றாம் மாதத்திலிருந்து காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனப் பருவம் பருவமாக வைத்துப் பார்க்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தப் பெயர்கள் ஆண்டுக் கணக்கைச் சொல்வதில்லை. குழந்தையின் உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றன. ஒரு காலை மடக்கி, கையூன்றித் தலையசைத்தால் செங்கீரை. இரண்டு கையும் சேர்த்துத் தட்டினால் சப்பாணி. நடந்து வந்தால் வருகை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் நுழை, நட, ஓடு, பற என்றுதான் படிநிலை வகுத்துக்கொண்டன. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, இது பிள்ளைத்தமிழின் வழி.

கைக்குழந்தைக்குக் கடல் என்பது பொருள் இல்லாத ஓசை. ‘தால்’ என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. தூளி போய் வருவதும் அலை போய் வருவதும் ஒரே தாளத்தில் அமைகின்றன. அதற்கு மேல் அந்த வயதுக்குக் கடலைப்பற்றி ஒன்றும் தேவையில்லை. ஆனால் பாடுகிற பெரியவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. தமிழின் மிகப் பழைய தாலாட்டுகளில் ஒன்றாகிய பெரியாழ்வாரின் கண்ணன் தாலாட்டில் ஒவ்வொரு தேவரும் தொட்டிலுக்கு ஒரு பரிசு அனுப்புகிறார். கடலுக்கு உரியவனான வருணன் அனுப்புவது முத்தாரமும் பவளமும் வளையும். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் இன்னும் ஒருபடி மேலே போகிறது. முத்தப் பருவத்தில், சங்கும் பிறவும் ஈன்ற முத்துகளை அடுக்கிக்கொண்டே போய், அவற்றுக்கெல்லாம் விலையுண்டு, முருகன் வாய் முத்தத்துக்கு விலையில்லை என்று முடிக்கிறார். அலையடிக்கும் செந்தூரில் பதினொரு மாதக் குழந்தையிடம் கடல் தன் சரக்கோடு வந்து தோற்றுப் போகிறது. முத்து, முத்தம் என்ற இரண்டு சொல்லுக்குள் அந்த விளையாட்டு நடக்கிறது.

முத்து என்றதும் ரிஷிவந்தியத்துக்கே திரும்பலாம். அர்த்தநாரீசுவரர் கோயில் அம்மனின் பெயர் முத்தாம்பிகை. வட்டாரத்து ஆறு ஒன்றின் பெயர் மணிமுத்தாறு. முத்து விளையாத மண்ணில் பெண் தெய்வத்துக்கும் ஆற்றுக்கும் முத்தின் பெயர். பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். இரவுக்குப் போதுமான செய்தி ஒன்று இதில் இருக்கிறது: குழந்தை ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருக்கிற சொல்லில் கடல் ஒளிந்திருக்கிறது.

தூங்குமுன் நடக்கும் சடங்குகள் குழந்தையின் தூக்கத்தை என்ன செய்கின்றன என்பதை அறிவியலும் அளந்து பார்த்திருக்கிறது. 14 நாடுகளைச் சேர்ந்த 10,085 தாய்மாரிடம் கேட்டு ஜோடி மிண்டெல் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் எத்தனை இரவு ஒரே ஒழுங்கில் படுக்கவைக்கிறார்களோ அத்தனைக்கத்தனை குழந்தைகள் சீக்கிரம் தூங்குகிறார்கள், நடுவில் குறைவாக எழுகிறார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் வேறொன்றைச் சோதித்தார். புதுச்சொல் ஒன்றை மூன்று வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ‘நேத்து சொன்னதையே சொல்லு’ என்று பிள்ளை அடம்பிடிப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அலுப்பு நமக்குத்தான். நேற்றைய கதையில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் உடனே பிடித்துவிடும் அந்தக் காது, அந்த நேரத்தில் மொழி படித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை கடல் ஓர் ஆளாக இருக்க வேண்டும். அதற்குக் கோபம் வரவேண்டும், தப்புச் செய்யவேண்டும், கடைசியில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பஞ்சதந்திரத்தில் அப்படி ஒரு கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். கடற்கரையில் முட்டையிட்ட ஒரு சிறு பறவையின் முட்டைகளைக் கடல் எடுத்துக்கொள்கிறது. பறவை கடலை வற்றவைத்துவிடுவேன் என்று மூக்கால் மொள்ளத் தொடங்குகிறது. மற்ற பறவைகள் கூடுகின்றன, கருடனிடம் போகின்றன, கருடன் திருமாலிடம் முறையிட, கடல் பயந்து முட்டைகளைத் திருப்பித் தருகிறது. வடமொழியில் அந்தப் பறவை டிட்டிபம். நம் ஏரிக்கரைகளில் வெறுந்தரையில் முட்டையிட்டு, இரவில் ஆள் நடமாட்டம் கண்டால் அலறுகிற ஆட்காட்டிதான் அது என்று கொள்வார்கள். கதை முடிந்து சற்று நேரத்தில் வயல்பக்கம் ஆட்காட்டி கத்தினால் அதைவிடப் பெரிய படம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

இதே வயதுக்கு அணில் கதை. சேதுகட்டும்போது குரங்குகள் மலைகளைத் தள்ள, அணில் தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு கடலில் போய் உதறியது. வால்மீகியில் இல்லாத இந்த அணில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. பெரிய கடலுக்குச் சின்ன உடம்பு எதிர்நிற்கிறது என்பதுதான் இரண்டு கதைக்கும் எலும்பு. நாலு வயதுப் பிள்ளையும் வீட்டில் அதே நிலையில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள எல்லாமே அதைவிடப் பெரியவை.

இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏழு கடல். ‘ஏழு மலை தாண்டி, ஏழு கடல் தாண்டி, ஒரு தீவிலே, ஒரு மரத்துப் பொந்திலே, ஒரு கிளி, அந்தக் கிளியின் உடம்பில் அரக்கனுடைய உயிர்’ என்ற வாய்பாடு தமிழ்நாட்டு வீடுகளில் கேட்காத ஆள் அரிது. கடலைப் பார்த்திராத பாட்டிகள்தாம் இதை அதிகம் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். பார்த்தவர்களுக்கு ஒரு கடல் போதும் என்று தோன்றிவிடும். அந்த ஏழும் எவை என்று கேட்டால் உப்பு, கருப்பஞ்சாறு, தேன், நெய், தயிர், பால், நன்னீர். வடமொழிப் புராணங்களில் தேனின் இடத்தில் மது இருக்கும். தமிழில் தேன் என்று சொல்வது வழக்கம், பிள்ளைகளிடம் அது வசதியும்கூட.

இந்தப் பட்டியலை ரிஷிவந்தியத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கருப்பஞ்சாறு: மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், பருவத்தில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஓடிக் கழி உருவாத பிள்ளை இல்லை. தேன்: ஊர்க் கோயிலில் இலிங்கத்துக்குத் தேன் முழுக்கு நடக்கும்போது அம்பாள் உருவம் தெரியும் என்பது நம்பிக்கை, மலைத்தேன் கல்வராயனிலிருந்து இறங்கும். பால், தயிர், நெய் வீட்டிலேயே. நன்னீர் கிணற்றில். ஏழில் ஆறு கடலைப் பிள்ளை விரல்விட்டு நக்கியிருக்கிறது. தெரியாதது உப்புக்கடல் ஒன்றுதான். உலகத்தின் உண்மைக்கடல் இங்கே கற்பனையாகவும், கற்பனைக் கடல்களெல்லாம் உண்மையாகவும் இருக்கின்றன. ஏழுகடல் கதை உள்நாட்டில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒன்பது, பத்து வயதைத் தொட்ட பிள்ளைக்குக் கிளியும் அரக்கனும் போதாது. அதற்கு ஊர்ப்பெயர் வேண்டும், வழி வேண்டும், நிஜமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இங்கேதான் கள்ளக்குறிச்சிக்காரர்கள் கையில் இருக்கும் ஒரு பெரிய புதையலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கச்சிராயபாளையம் பக்கத்து அணை கோமுகி அணை. கல்வராயனில் பிறக்கும் அந்த ஆற்றின் பெயரை வட்டாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பசுவின் முகம் என்பது பொருள். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் கடல் நடுவே மணிபல்லவம் என்ற தீவு வருகிறது. யாழ்ப்பாணத்து நயினாதீவே அது என்பார் பலர். அந்தத் தீவில் ஒரு பொய்கை. அதன் பெயரும் கோமுகி.

கதையைத் தூங்கும்நேரக் கதையாகச் சொல்லிப் பார்ப்போம். பூம்புகாரில் மணிமேகலை என்று ஒரு பெண். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே கடல்தெய்வத்தால். அவளுடைய முன்னோர் ஒருவரைக் கப்பல் கவிழ்ந்த இரவில் காப்பாற்றிய தெய்வத்தின் பெயர் அது. அந்தத் தெய்வம் ஓரிரவு மந்திரம் ஓதி அவளைத் தூங்கவைத்து, வானத்துவழியே தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவக் கரையில் கிடத்திவிட்டுப் போகிறது. விடிந்து பார்த்தால் மணலும் அலையும் தவிர ஒருவரும் இல்லை. தூங்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான தொடக்கம் வேறில்லை: ஓரிடத்தில் கண்மூடி, வேறிடத்தில் கண்திறப்பது. பிறகு தீவைக் காக்கும் தீவதிலகை வருகிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசி விசாகத்தன்று அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று மேலெழும் என்கிறாள். அமுதசுரபி எழுகிறது, மணிமேகலையின் கைக்கு வருகிறது.

பாத்திரம் அங்கே எப்படிப் போனது என்று பதினொரு வயது கேட்கும். கேட்க வேண்டும். அது ஆபுத்திரனுடைய பாத்திரம். பெற்றவள் விட்டுப்போன குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால்கொடுத்துக் காத்தது. வளர்ந்து, மதுரையில் சிந்தாதேவி தந்த அமுதசுரபியால் ஊருக்கெல்லாம் சோறுபோட்டான். பசியில்லாத காலம் வந்து கேட்பார் இல்லாமல் போக, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் காற்றுக்காகக் கப்பல் மணிபல்லவத்தில் நின்றது, இறங்கினான். இரவில் காற்று மாறியது. அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஆயிரம் பேருக்குச் சோறுபோடும் பாத்திரம் கையில். தீவில் உண்ண ஓர் ஆளில்லை. தனக்கு மட்டும் எதற்கு என்று அதைக் கோமுகியில் விட்டு, உண்ணாமல் உயிர்விட்டான்.

இந்தக் கடைசிப்பகுதியைச் சின்னது தூங்கிய பிறகு சொல்ல வேண்டும். பெரியவனுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. கப்பல் தன்னை மறந்துவிட்டுப் போவது என்ற பயத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளை விடுதியிலோ திருவிழாக் கூட்டத்திலோ எப்போதாவது அனுபவித்திருக்கும். பசுவின் பாலில் பிழைத்தவன், பசுமுகப் பொய்கையில் பாத்திரத்தை விட்டான் என்ற பொருத்தத்தையும் அந்த வயது தானாகவே கண்டுபிடிக்கும். நாம் விளக்கத் தொடங்கினால் கெட்டுவிடும். பொய்கைக்கும் அணைக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை என்பதை மட்டும் கேட்டால் சொல்லிவிடலாம். பெயர் போதும். அடுத்தமுறை அணைப்பக்கம் போகும்போது பிள்ளை தண்ணீரை வேறுமாதிரி பார்க்கும்.

திருக்கோவிலூரும் தொலைவில் இல்லை. அங்கேயும் ஓர் இரவு, ஒரு கடல். அடைமழையில் இருட்டில் ஓர் இடைகழியில் ஒதுங்குகிறார் பொய்கையாழ்வார். ஒருவர் படுக்கிற இடம். பூதத்தாழ்வார் வர இருவரும் உட்கார்கிறார்கள். பேயாழ்வார் வர மூவரும் நிற்கிறார்கள். நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள்; யாரென்று தெரியவில்லை, விளக்கில்லை. அப்போது பொய்கையாழ்வார் பாட்டால் ஏற்றும் விளக்குக்குப் பூமி அகல், கடல் நெய், சூரியன் சுடர். வைணவ உரைகளில் இந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவோ ஆழம் உண்டு. பாயில் கிடக்கும் மூன்று பேருக்கும் அது வேண்டாம். இடம் போதாமல் இடித்துக்கொண்டு கிடப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும், இருட்டும் தெரியும். கடலையே நெய்யாக ஊற்றி எரியும் விளக்கு எவ்வளவு பெரிது என்று அளந்துகொண்டே அவர்கள் தூங்கிவிடலாம்.

அச்சத்தைத் தொடாமல் கடலைப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூரின் தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் அலை புகுந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குச் சுனாமி கேள்விப்பட்ட ஒரு சொல். அதை இரவில் சொல்லலாமா? ஐந்து வயதுக்குக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முட்டையைத் திருப்பித் தரும் கடல்தான் அந்த வயதுக்கு. பத்து வயதுக்குச் சொல்லலாம், ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்து. இதற்கு உலகத்தில் ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் அதிர்ந்து, கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. 2004-இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். கருவி எதுவும் எச்சரிக்கவில்லை. பாட்டிமார் 97 ஆண்டு முன்னதாகவே எச்சரித்திருந்தார்கள்.

நம் கடல்கதைகளில் ஒரு பெருங்குறை இருக்கிறது. தேவரும் அசுரரும் கடைகிறார்கள், அகத்தியர் குடிக்கிறார், இராமன் பாலம் போடுகிறான், முருகன் சூரனை விரட்டுகிறான். கடலில் தினமும் போய்வரும் மீனவர் மட்டும் உள்நாட்டு இரவுக்கதைகளில் அநேகமாக இல்லை. மீனைக் கருவாடாக வாங்கிக்கொண்டோம், பிடித்தவரை வாங்கவில்லை. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் உலகம் சுற்றுகிறது. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயர் வைத்திருப்பவர்கள், கரைவலையை ஊரே சேர்ந்து இழுப்பவர்கள், மீன்பாடு இல்லாத நாளில் வெறுங்கையோடு வருபவர்கள் ஆகியோருக்கு இரவுக்கதையில் இடம் கிடைத்தால் சந்தையில் கருவாட்டுக்காரம்மாவைப் பார்க்கும் கண் மாறும். யெஸ். பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ போல, பிள்ளைகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் தமிழ் நூல்கள் இப்போது வருகின்றன. பஞ்சமாக இருப்பது கடல்மேல் நடக்கும் கதைகள்.

பாய்க்கு வருகிறேன். மூன்று வயதும் ஒரே இரவில் கேட்கத்தக்க ஒரு கதையை உதாரணமாக வைக்கலாம். நம் கிழக்குக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை இரவுகளில் சிற்றாமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். மணலைப் பின்துடுப்பால் தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளிவரும். எந்தப் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது வானொளி படும் கடற்பரப்பு. இப்போது சாலைவிளக்கும் வீட்டுவிளக்கும் அவற்றைத் திசைமாற்றிவிடுகின்றன. அதனால் தன்னார்வலர்களும் வனத்துறையும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது கைக்குழந்தைக்கு வேண்டியது அலையின் உஸ்ஸென்ற ஓசையும், குஞ்சு தத்தித் தத்திப் போகும் தாளமும் மட்டும். முதுகில் விரலால் நடந்து காட்டினால் போதும். ஐந்து வயது, ‘அம்மா ஆமை எங்க போச்சு?’ என்று கேட்கும். நண்டு பிடித்துக்கொள்ளுமா என்று கவலைப்படும். கடைசிக் குஞ்சு தண்ணீரைத் தொடும்வரை தூங்காது. பதினொரு வயதுக்கு வேறு கேள்வி: நூறு குஞ்சில் எத்தனை பிழைக்கும்? வெளிச்சம் போட்டவன் யார்? வளர்ந்து திரும்பி வரும் ஆமைக்கு அந்தக் கரை எப்படித் தெரியும்? 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் ஏன் செத்து ஒதுங்கின? மூன்று பேருக்கும் ஒரே கதை. சொல்பவர் குரலைத் தாழ்த்தும்போது சின்னது போகும், நடுவிலது அடுத்துப் போகும், பெரியவன் கடைசிக் கேள்வியோடு விழித்திருப்பான்.

இன்னொரு வசதியும் இந்தக் கதையில் உண்டு. இருட்டு என்றால் பிள்ளைகளுக்குப் பயம். விளக்கை அணைக்கவிட மாட்டார்கள். ஆமைக்குஞ்சுக்கோ இருட்டுதான் துணை. ‘நாம லைட்டை அணைச்சாத்தான் அது கடலுக்கு வழி பார்த்துப் போகும்’ என்றால், ஐந்து வயது தானே எழுந்துபோய் சுவிட்சைத் தட்டும். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விளக்கு ஆமைக்குத் தெரியாதே என்று பெரியவன் முணுமுணுப்பான். அவன் சொல்வது சரிதான்; அவனைக் கண்ஜாடையால் அடக்கிவைக்க வேண்டியதுதான்.

கல்வராயனில் பெய்யும் மழை கோமுகி, மணிமுத்தாறு வழியே வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிப் பரங்கிப்பேட்டைக்கோ தேவனாம்பட்டினத்துக்கோ ஒரே ஒருமுறை கூட்டிப்போய்விட்டு வாருங்கள். வரும்போது ஒரு பாட்டிலில் கடல்தண்ணீர் கேட்பார்கள், எடுத்துவரவிடுங்கள். அன்றிரவு நீங்கள் கதை சொல்லாதீர்கள். பாயில் படுத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.